ஹரிக்கேன் அடிச்ச மலை கிராமத்துக்கு உதவப் போறீங்களா? வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

2024 செப்டம்பர் 26 ராத்திரி ஹெலீன்ங்கற ஹரிக்கேன் அமெரிக்காவோட ஃப்ளோரிடால கரை ஏறிச்சு. மறுநாளே வட கரோலினா மலைப் பக்கம் ஆறெல்லாம் ஊருக்குள்ள வந்துருச்சு. நான் இருக்கறது சார்லட் பக்கம், அங்கேர்ந்து மலைக்கு ரெண்டு மூணு மணி நேர ட்ரைவ்தான், அதனால நாங்க நாலஞ்சு குடும்பம் சேர்ந்து முதல் வாரமே கிளம்பினோம். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல போய் வந்துட்டிருந்தோம். ஆரம்பத்துல எங்களுக்கு எதுவுமே தெரியாது, எந்த பேப்பர் எங்க குடுக்கணும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு சொல்ல ஆளே இல்ல. எங்களுக்குத் தெரியாததால அங்க இருக்கற சில குடும்பங்களுக்கு மாசக்கணக்குல தாமதம் ஆச்சு. அது இன்னமும் மனசை உறுத்துது, அதனாலதான் எழுதறேன். அடுத்த ஹரிக்கேன் எந்த ஸ்டேட்ல வந்தாலும் இதுல முக்கால்வாசி பொருந்தும். தொகையும் கடைசித் தேதியும் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும், அதை நேரா கேட்டுக்கோங்க.

1. முதல்ல போன், அப்புறம்தான் பயணம்

டிவில பார்த்த உடனே கார்ல ஏறாதீங்க. மலை ரோடு ஒத்தையடிப் பாதை மாதிரி, அதுல நம்ம கார் நின்னா கரண்ட் கம்பம் கொண்டு வர்ற லாரி நிக்கும். ஹெலீன்ல ஐ-40 ஹைவேயே பிஜன் ரிவர் கார்ஜ்ங்கற பள்ளத்தாக்குல பாதி ஆத்துல போயிருச்சு, ஒரு பக்கத்துக்கு ஒரு லேன்னு திறக்கவே 2025 மார்ச் ஆச்சு. அதனால முதல்ல 211ங்கற உதவி எண்ணுக்கு போன் பண்ணி எந்த கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) என்ன தேவைன்னு கேளுங்க, இல்லன்னா அந்த ஊர் சர்ச், வாலண்டியர் ஃபயர் டிபார்ட்மெண்ட், இவங்ககிட்ட கேளுங்க. கிராமத்துல யார் வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்க, யாருக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடணும்னு எல்லாம் ஃபயர் ஸ்டேஷன்காரங்களுக்குத்தான் மனப்பாடமா தெரியும்.

இன்னொண்ணு க்ரைசிஸ் க்ளீனப்னு ஒரு பொது லிஸ்ட் இருக்கு. வீட்டுக்காரங்க ஒரு நம்பருக்கு போன் பண்ணி மரம் விழுந்திருக்கு, சேறு புகுந்திருக்குன்னு பதிவு பண்ணுவாங்க, உதவி பண்ற குழுக்கள் அதிலேர்ந்து ஒரு வேலையை எடுத்துக்கும். நீங்க தனியா போகாம ஏற்கனவே அதுல இருக்கற ஒரு குழுவோட சேர்ந்துக்கோங்க. ஒரே வீட்டுக்கு நாலு குழு போறதும் பக்கத்து வளைவுல இருக்கற வீட்டுக்கு யாருமே போகாம இருக்கறதும் அப்பதான் குறையும்.

2. பழைய துணி வேண்டவே வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நாங்க முதல் ட்ரிப்புக்கு ஒரு வேன் நிறைய துணி எடுத்துட்டுப் போனோம், அதைப் பிரிக்கவே அங்க இருந்த ரெண்டு பேருக்கு ஒரு நாள் போச்சு, அந்த ரெண்டு பேரும் சேறு அள்ள வேண்டியவங்க. சாமான் இறக்கின ஜிம் ஃபுல்லா துணி மூட்டையா கிடந்து கடைசில மழைல நனைஞ்சு குப்பைக்குப் போச்சு.

முதல் வாரம் எடுத்துட்டுப் போக வேண்டியது தண்ணி, கேன்ல பெட்ரோல், குழந்தைங்க டயப்பர், பெரியவங்க டயப்பர் (இதை எல்லாரும் மறந்துருவாங்க), தார்ப்பாய், ஷவல், கடப்பாரை, தள்ளுவண்டி, என்95 மாஸ்க், தடிமனான கிளவுஸ். ரெண்டாவது மாசத்துலேர்ந்து ஹீட்டர், ப்ரொபேன், கம்பளி. மலைல அக்டோபர் கடைசியிலேயே குளிர் கடிக்கும். மத்தபடி கையில காசா, இல்லன்னா பக்கத்து டவுன்ல திறந்திருக்கற கடையோட கிஃப்ட் கார்டா குடுக்கறது எவ்வளவோ மேல். என்ன வேணும்னு அவங்களே முடிவு பண்ணிப்பாங்க, அந்த ஊர் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

நீங்க சாப்பிடறது, குடிக்கறது, தூங்கற இடம் எல்லாமே உங்க சொந்த ஏற்பாடா இருக்கணும். ஆஷ்வில் மாதிரி ஒரு சிட்டியிலேயே குழாய்த் தண்ணி குடிக்கலாம்னு சொல்ல நவம்பர் 18 ஆச்சு, ஐம்பது நாளுக்கு மேல, அப்ப கிராமத்தை நினைச்சுப் பாருங்க. டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருஷம் ஆகியிருந்தா போட்டுட்டுப் போங்க.

3. வீட்டுக்குள்ள எதையும் தொடறதுக்கு முன்னாடி போட்டோ

சேத்தைப் பார்த்ததும் கை துறுதுறுன்னு இருக்கும், பொறுங்க. ஒவ்வொரு ரூமும் நாலு மூலையிலேர்ந்து போட்டோ, சுவத்துல தண்ணி நின்ன கோடு ஒரு டேப் வெச்சு அளந்து போட்டோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டிங் யூனிட் இதோட மாடல் நம்பர் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் போட்டோ. வெளியில வீட்டோட நாலு பக்கமும். இன்ஷூரன்ஸ் இருந்தா கார்ப்பெட்லயும் ட்ரைவால்லயும் (உள் சுவத்துல அடிச்சிருக்கற ஜிப்சம் பலகை) ஒரு துண்டு வெட்டி பையில போட்டு வெச்சுக்கச் சொல்லுங்க. சேதத்தைப் பார்க்கற இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள நாம கழுவித் துடைச்சு வெச்சுட்டா, எவ்வளவு சேதம்னு காட்ட வேற எதுவும் இருக்காது. அதுக்காக இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் காத்துட்டும் இருக்காதீங்க, ஈரம் 24லேர்ந்து 48 மணி நேரம் நின்னாலே பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுரும். போட்டோ எடுத்தாச்சுன்னா வேலையை ஆரம்பிக்கலாம்.

ட்ரைவாலையும் உள்ள இருக்கற பஞ்சையும் தண்ணிக் கோட்டுக்கு மேல வரைக்கும் வெட்டி எடுக்கணும். உள்ள மரச்சட்டம் நல்லா காயணும், மாய்ஸ்ச்சர் மீட்டர்ல 15 சதவீதத்துக்குக் கீழ வந்தப்புறம்தான் மறுபடி மூடணும், அவசரப்பட்டு மூடின வீட்ல ஆறே மாசத்துல திரும்பப் பிரிக்க வேண்டி வந்தது. 1978க்கு முன்னாடி கட்டின வீடுன்னா பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு, தூசி பறக்கற மாதிரி தேய்க்காதீங்க. ஜெனரேட்டரை வீட்டுக்கு 20 அடி தள்ளி வெளியில வைங்க, கராஜ்ல கதவைத் திறந்து வெச்சாலும் கூடாது. புயல்ல தப்பிச்சவங்க ஜெனரேட்டர் புகையில போறது ஒவ்வொரு ஹரிக்கேனுக்கு அப்புறமும் நடக்குது. செயின்சா பழக்கம் இல்லன்னா தொடாதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு இறுகி நிக்கற மரம் வெட்டினதும் எந்தப் பக்கம் தெறிக்கும்னு தெரிஞ்சவங்க மட்டும் வெட்டட்டும்.

வெளியில போடற குப்பையை மரம் தனியா, வீட்டுச் சாமான் தனியா, ஃப்ரிட்ஜ் ஸ்டவ் தனியா, பெயிண்ட் பெட்ரோல் டப்பா தனியான்னு பிரிச்சு ரோட்டோரமா போடணும். கலந்து போட்டா லாரி எடுக்காம போயிரும். ப்ரைவேட் ரோட்டுக்குள்ள லாரி வரணும்னா கவுண்டிகிட்ட அனுமதி ஃபார்ம்ல வீட்டுக்காரங்க கையெழுத்து போடணும், அதுக்கு கடைசித் தேதி உண்டு.

4. ஃபெமா விண்ணப்பம்: கூடவே உக்காருங்க

ஃபெமாங்கறது பேரிடர்ல பாதிச்சவங்களுக்கு உதவற மத்திய அரசு அமைப்பு. நீங்க ஒரு நாள் பூரா சேறு அள்ளறதை விட ஒரு பெரியவங்க பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து இதை ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா அதிக பலன்னு எனக்கு மூணாவது மாசம்தான் புரிஞ்சது. 1-800-621-3362ல போன் பண்ணலாம், ஆன்லைன்ல பண்ணலாம், டிசாஸ்டர் ரெக்கவரி சென்டருக்கு நேர்ல போகலாம், எந்த கவுண்டி சென்டருக்கும் போகலாம், சொந்த கவுண்டியா இருக்கணும்னு இல்ல. செலவு ஒரு பைசா கிடையாது, யாராவது ஃபீஸ் கேட்டா அவங்க மோசடிக்காரங்க.

கையில வெச்சுக்க வேண்டியது: சோஷியல் செக்யூரிட்டி நம்பர், புயலுக்கு முன்னாடி இருந்த விலாசம், இப்ப இருக்கற விலாசம், வேலை செய்யற ஒரு போன் நம்பர், இன்ஷூரன்ஸ் விவரம், குடும்ப வருமானம், பேங்க் அக்கவுண்ட் நம்பரும் ரௌட்டிங் நம்பரும். பதிவானதும் ஒரு ஒன்பது இலக்க நம்பர் குடுப்பாங்க. அதை பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க, போன்லயும் போட்டோ எடுத்து வைங்க, அந்த நம்பர் இல்லாம அப்புறம் எதுவுமே நகராது.

நான் பார்த்த குழிகள்:

ஒரு வீட்டுக்கு ஒரு விண்ணப்பம்தான். அப்பா ஒண்ணு, மகன் ஒண்ணுன்னு தனித்தனியா போட்டா ரெண்டுமே மாட்டிக்கும்.

தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா எடுக்கணும். இன்ஸ்பெக்டர் சில தடவை கூப்பிட்டுப் பார்ப்பார், எடுக்கலன்னா ஃபைலை மூடிருவாங்க. மலைல டவர் இல்லாத வீட்டுக்கு உங்க நம்பரையோ டவுன்ல இருக்கற பொண்ணு நம்பரையோ மாற்று நம்பரா குடுக்கச் சொல்லுங்க. உண்மையான இன்ஸ்பெக்டர்கிட்ட போட்டோ ஐடி இருக்கும், பதிவு நம்பர் அவருக்கே தெரிஞ்சிருக்கும், காசு கேக்க மாட்டார்.

“எனக்குப் பரவாயில்ல, என்னை விடக் கஷ்டப்படறவங்களுக்குக் குடுங்க”ன்னு சொல்ற மனுஷங்க அங்க நிறைய. நல்ல மனசு, ஆனா இவங்க வாங்கிக்கறதால அடுத்தவங்க பங்கு குறையாதுன்னு பொறுமையா சொல்லிப் புரிய வைங்க. ஹெலீன் சமயத்துல 750 டாலர்தான் மொத்த உதவியேன்னும், அதை வாங்கினா நிலத்தைப் பிடுங்கிருவாங்கன்னும் வதந்தி ஓடிச்சு. அந்த 750 சாப்பாடு மருந்துன்னு உடனடித் தேவைக்கு முதல்ல வந்த தொகை. வீடு ரிப்பேருக்கு ஹெலீன்ல தனியா 42,500 டாலர் வரைக்கும் இருந்தது. ஃபெமா குடுக்கறது மானியம், கடன் இல்ல. வந்த பணத்தை அவங்க சொன்ன காரியத்துக்கு மட்டும் செலவு பண்ணி, ரசீதை மூணு வருஷம் வெச்சிருக்கணும்.

குடும்பத்துல ஒருத்தராவது, குழந்தையா இருந்தாலும் சரி, அமெரிக்க குடிமகனா இருந்தா அந்தக் குழந்தை பேர்ல பெத்தவங்க விண்ணப்பிக்கலாம். பண்ணை வேலைக்கு வந்த குடும்பங்கள் பல பேருக்கு இது தெரியாம விட்டுட்டாங்க.

கடைசித் தேதி, பேரிடர்னு அரசாங்கம் அறிவிச்ச நாள்லேர்ந்து வழக்கமா 60 நாள். ஹெலீனுக்கு வட கரோலினால நீட்டி நீட்டி 2025 மார்ச் 8 வரைக்கும் குடுத்தாங்க, அடுத்த தடவையும் நீட்டுவாங்கன்னு நம்பி இருக்காதீங்க.

5. “தகுதி இல்லை”ன்னு லெட்டர் வந்தா அங்கயே விட்டுறாதீங்க

நாங்க போன ஒரு வீட்ல எழுபது வயசைத் தாண்டின அம்மா தனியா இருந்தாங்க. வீடு மாமனார் பேர்ல, அவரும் இல்ல, வீட்டுக்காரரும் இல்ல, பேர் மாத்தவே இல்ல. வந்த லெட்டரை ஒரே வரி படிச்சிட்டு மடிச்சு பைபிளுக்குள்ள வெச்சுட்டாங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு தடவை இல்லன்னு சொல்லிட்டா திரும்பக் கேக்கறது கூச்சம். நாங்க அதை எடுத்துப் படிச்சப்ப ரெண்டாவது பக்கத்துல வீடு உங்களோடதுன்னு காட்ட ஒரு பேப்பர் அனுப்புங்கன்னுதான் போட்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். லெட்டர் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அப்பீலுக்கு லெட்டர் தேதியிலேர்ந்து 60 நாள் டைம். லெட்டர்ல காரணம் எழுதியிருப்பாங்க, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் அனுப்பினா போதும், கதை முழுசும் எழுத வேண்டாம்:

வீடு யாரோடதுன்னு கேட்டா: பத்திரம், ப்ராப்பர்ட்டி டேக்ஸ் ரசீது, இன்ஷூரன்ஸ் பேப்பர், பெரிய ரிப்பேர் செஞ்ச பில். மலைல தலைமுறை தலைமுறையா பேர் மாத்தாம இருக்கற வீடுகள் ஏராளம். வேற எந்தப் பேப்பரும் இல்லன்னா வீடு எங்களோடதுதான்னு தானே எழுதிக் கையெழுத்து போட்ட உறுதிமொழியை 2021லேர்ந்து ஏத்துக்கறாங்க.

அங்கதான் குடியிருந்தீங்களான்னு கேட்டா: கரண்ட் பில், போன் பில், பேங்க் லெட்டர், லைசென்ஸ்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு சொன்னா: கம்பெனி எவ்வளவு குடுத்துச்சு, எதை மறுத்துச்சுன்னு அவங்க லெட்டர். சாதா வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குக் குடுக்காது, அந்த மறுப்பு லெட்டர்தான் இங்க சாவி.

சேதம் கம்மின்னு சொன்னா: லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் எழுதின எஸ்டிமேட், அவர் போன் நம்பரோட.

அனுப்பற ஒவ்வொரு பக்கத்துலயும் பேர், பதிவு நம்பர், டிசாஸ்டர் நம்பர் (அந்தப் பேரிடருக்கு ஃபெமா குடுத்த நம்பர்) எழுதுங்க. போன்ல பேசினா தேதி, பேசினவர் பேர், சொன்னது எல்லாம் ஒரு நோட்ல. அந்த அம்மாவுக்கு டேக்ஸ் ரசீதும் உறுதிமொழியும் அனுப்பி அஞ்சு வாரத்துல பணம் வந்துச்சு. முதல் நாளே அந்த லெட்டரைக் கேட்டு வாங்கிப் படிச்சிருந்தா டிசம்பர் குளிர்ல அவங்க ஈரத் தரையில இருந்திருக்க வேண்டாம். அதனால எந்த வீட்டுக்குப் போனாலும் “லெட்டர் ஏதாவது வந்துச்சா, பார்க்கலாமா”ன்னு கேளுங்க. பத்திரத்துல சிக்கல் இருந்தா லீகல் எய்ட்ல இலவச வக்கீல் இருக்காங்க.

6. ரோடு, பாலம், கிணறு, செப்டிக்

டவுன்காரங்களுக்கு இது தோணவே தோணாது. மலைல பல வீட்டுக்குப் போற ரோடும் ஓடை மேல இருக்கற சின்னப் பாலமும் தனியாருக்குச் சொந்தம், அரசாங்கம் தானா வந்து போடாது. வீட்டுக்குப் போக அது ஒண்ணுதான் வழின்னா ஃபெமால அதுக்கும் கேக்கலாம். நாலு வீட்டுக்குப் பொதுவான பாலம்னா நாலு வீடும் தனித்தனியா பதிவு பண்ணி, நாங்க எல்லாரும் இதைத்தான் பயன்படுத்தறோம்னு ஒத்துப் பேசணும், ஒரு வீடு விட்டுப்போனாலும் இழுக்கும். பதிவு பண்றப்பவே பாலம் போயிருச்சு, கிணறு கெட்டுப்போச்சு, செப்டிக் உடைஞ்சிருச்சுன்னு தனித்தனியா சொல்லணும். இன்ஸ்பெக்டர் வீட்டை மட்டும் பார்த்துட்டுப் போயிருவார், மண்ணுக்குள்ள இருக்கறது அவர் கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளம் மூடின கிணத்துத் தண்ணியை டெஸ்ட் பண்ணாம குடிக்கக் கூடாது. கவுண்டி ஹெல்த் டிபார்ட்மெண்ட்ல டெஸ்ட்டுக்கு சொல்லி வைங்க. க்ளோரின் போட்டு சுத்தம் பண்ணி, க்ளோரின் வாசனை போனப்புறம் மறுபடி ஒரு டெஸ்ட். ஆள் வெச்சுப் பார்த்த பில் இருந்தா பத்திரம்.

7. பண்ணை வெச்சிருக்கறவங்க

இது வேற ஆபீஸ். ஃபெமா பயிரையும் மாட்டையும் பார்க்காது, விவசாயத் துறையோட ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சிக்குப் போகணும். அந்த மலைல கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கறவங்க நிறைய, ஃப்ரேசர் ஃபர்னு ஒரு வகை, ஒரு மரம் ஆளுயரம் வளரவே ஏழெட்டு வருஷத்துக்கு மேல ஆகும். மண்ணோட சரிஞ்சு போனதைப் பார்த்தா வயிறு எரியும்.

செத்த மாடு ஆடு கோழி எத்தனைன்னு புதைக்கறதுக்கு முன்னாடி தேதியோட போட்டோ, வெட்டினரி டாக்டரோ பக்கத்துப் பண்ணைக்காரரோ சாட்சி. அதுக்கான திட்டத்துல சந்தை விலையில 75 சதவீதம் குடுப்பாங்க. நிலத்துல மண் மூடினது, வேலி போனது இதுக்கெல்லாம் வேற திட்டம், அதுல செலவுல 75 சதவீதம் வரைக்கும், புதுசா விவசாயத்துக்கு வந்தவங்களுக்கு 90 வரைக்கும். இதுல பெரிய பொறி என்னன்னா, ஆபீஸ்ல பேசாம வேலையை ஆரம்பிச்சுட்டா அந்தச் செலவு கிடைக்காம போயிரலாம். நாம ஆர்வத்துல டிராக்டரோட போய் வேலி போட்டுக் குடுத்து அவங்க மானியத்தைக் கெடுத்துறக் கூடாது. முதல்ல கவுண்டி ஆபீசுக்கு ஒரு போன்.

8. காண்ட்ராக்டர்

புயலுக்கு அடுத்த நாளே வேற ஸ்டேட் நம்பர் ப்ளேட்டோட வந்து கதவைத் தட்டுவாங்க. முழுப் பணமும் முன்கூட்டியே குடுக்கக் கூடாது, எழுத்துல எஸ்டிமேட் வேணும், இன்ஷூரன்ஸ் செக்கை அவங்க பேருக்கு எழுதித் தரக்கூடாது. வட கரோலினால 40,000 டாலரும் அதுக்கு மேலயும் போற வேலைக்கு ஜெனரல் காண்ட்ராக்டர் லைசென்ஸ் கட்டாயம், நம்பரை வாங்கி ஆன்லைன்ல பாருங்க.

9. உங்க நேரத்தை எழுதி வைங்க

இதை யாருமே எங்களுக்குச் சொல்லல. ரோடு, ஸ்கூல், தண்ணி லைன் இதை கவுண்டி சரி பண்றப்ப மத்திய அரசு குறைஞ்சது 75 சதவீதம் தரும், மீதியை ஸ்டேட்டும் கவுண்டியும் போடணும். பொது வேலையில வாலண்டியர் உழைச்ச நேரத்தையும் நன்கொடையா வந்த சாமானையும் அந்த மீதிப் பங்குல கழிச்சுக்க விதி இருக்கு, எழுத்துல கணக்கு இருந்தா மட்டும். பேர், தேதி, வந்த நேரம், போன நேரம், இடம், என்ன வேலை, கையெழுத்து. இது கவுண்டி எமர்ஜென்சி மேனேஜ்மெண்ட் ஆபீசுக்குப் போகணும். எங்க ஆளுங்களோட முதல் ரெண்டு மாச உழைப்பு எங்கயும் எழுதாம போச்சு, பட்ஜெட்டே இல்லாத கவுண்டிக்கு அது காசு.

10. ஆறு மாசம் கழிச்சுப் போங்க

முதல் மாசம் ஆள் கூட்டம் தாங்காது, பிப்ரவரில பார்த்தா ரோடு காலி. அப்பதான் உண்மையான கட்டுமானம் ஆரம்பிக்கும். அந்தந்த கவுண்டில சர்ச், சங்கம், அறக்கட்டளை எல்லாம் சேர்ந்து லாங் டெர்ம் ரெக்கவரி குரூப்னு ஒண்ணு அமைப்பாங்க, கேஸ் மேனேஜர் இருப்பாங்க. இன்ஷூரன்ஸ், ஃபெமா, எஸ்.பி.ஏ. கடன் (மத்திய அரசோட சிறுதொழில் அமைப்பு தர்ற பேரிடர் கடன்) எல்லாம் முடிஞ்சு மிச்சம் எவ்வளவு குறையுதுன்னு பார்த்து அந்தக் குறையை நன்கொடைல நிரப்புவாங்க. அந்த வரிசை தப்பினா சிக்கல். நீங்க நல்ல மனசோட ஒருத்தருக்கு “வீட்டு ரிப்பேருக்கு”ன்னு எழுதி பெரிய தொகையா குடுத்தா, அதே காரியத்துக்கு அரசாங்கம் தர்ற பணம் குறையலாம். குடுக்கறதுக்கு முன்னாடி கேஸ் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

முழுசா வீடு போனவங்களுக்கு காத்திருப்பு ரொம்ப நீளம். வட கரோலினாவுக்கு 2025 ஜனவரியில 1.4 பில்லியன் டாலருக்கு மேல மத்திய அரசோட வீட்டு வசதித் துறையிலேர்ந்து ஒதுக்கினாங்க, ஆனா வீடு கட்டித் தர்ற ரினியூ என்சி திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பிச்சதே 2025 ஜூன்ல. புயல் முடிஞ்சு ஒன்பது மாசம். விண்ணப்பத்துக்கு அப்புறம் சரிபார்ப்பு, இன்ஸ்பெக்‌ஷன், அதுக்கப்புறம்தான் சுத்தியல் சத்தம். அதுவரைக்கும் அவங்க கேம்பர் வண்டியிலயோ மகள் வீட்டு பேஸ்மெண்ட்லயோதான் இருக்காங்க, அதனால ஒரு குழுவா போறீங்கன்னா இப்பவே காலண்டரை எடுத்து மூணாவது மாசம், ஆறாவது மாசம், ஒரு வருஷம்னு தேதி குறிச்சு லீவ் போட்டு வைங்க. ஒவ்வொரு தடவையும் அதே ஆளுங்க போங்க, அதே வீட்டுக்கு. அந்தம்மா மூணாவது தடவை பார்த்தப்புறம்தான் எங்களை நம்பி அந்த பைபிளைத் திறந்தாங்க.